கிரீன் கார்டும் ஆறு மாசக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் டெக்சாஸ்ல இருக்கான், எங்க ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு எடுத்துக் குடுத்துட்டான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போய் தலைய காட்டிட்டு வந்தா போதும், கார்டு பத்திரமா இருக்கும்னு நாகேஸ்வர ராவ் பார்க்ல வாக்கிங் வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க, நாங்களும் அப்படித்தான் போயிட்டு வந்துட்டு இருக்கோம். இப்ப எங்க வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, பிசியோதெரபி எல்லாம் முடிஞ்சு கிளம்ப எட்டு மாசம் ஆயிடும் போல. திரும்ப உள்ள விடுவாங்களா?
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: எட்டு மாசம் ஆச்சுங்கறதுக்காக மட்டும் திருப்பி அனுப்ப மாட்டாங்கம்மா, அந்த பயத்த முதல்ல விடுங்க. ஆனா பார்க்ல சொல்றாங்களே, தலைய காட்டிட்டு வந்தா போதும்னு, அதத்தான் நான் ரொம்ப கவலையோட பாக்குறேன், ஏன்னா சட்டத்துல அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. கிரீன் கார்டுங்கறது நீங்க அங்க குடியிருக்கீங்கங்கறதுக்கான கார்டு, போய் பாத்துட்டு வர்றதுக்கான விசா இல்ல. வருஷத்துல பத்து மாசம் மயிலாப்பூர், ரெண்டு மாசம் டெக்சாஸ்னு இருந்தா, ஒரு தடவ கூட ஆறு மாசம் தாண்டலன்னாலும், "உங்க வீடு எது, அங்கயா இங்கயா"ன்னு ஏர்போர்ட்ல அதிகாரி கேக்கலாம், அப்படி கேட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர்.

180 நாள் எதுக்கு முக்கியம்னா, அதுக்கு மேல தொடர்ச்சியா வெளிய இருந்தா உங்கள புதுசா நுழையிறவங்க மாதிரி முழுசா விசாரிக்க அவங்களுக்கு அதிகாரம் வந்துடுது. பின்னாடி சிட்டிசன்ஷிப் போடும்போதும் ஆறு மாசம் தாண்டின ஒவ்வொரு பயணத்துக்கும் நீங்கதான் விளக்கம் சொல்லியாகணும். ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா கதையே வேற, கையில இருக்குற கார்டு மட்டும் உள்ள நுழையப் போதாது. அதனால எட்டு மாசம் பத்து மாசமா ஆகலாம், ஆனா பன்னெண்ட தொடவே விடாதீங்க.

உங்க விஷயத்துல காரணம் நியாயமானது, அத பேப்பர்ல காட்டணும், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த தேதில ஆபரேஷன், எது வரைக்கும் பயணம் கூடாதுன்னு டாக்டர் லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டு குடுத்த கடிதம், பிசியோதெரபி பில்லுங்க, முதல்ல போட்டு வச்சிருந்த ரிட்டர்ன் டிக்கெட்ட தள்ளிப்போட்டதுக்கான மெயில், இதெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு கைப்பையில வச்சுக்குங்க, செக்-இன் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்கன்னா அதிகாரி முன்னாடி நிக்கும்போது வெறும் கையோட நிப்பீங்க. பையன் வீட்லயே இருக்குறதால வாடகை ரசீது, கரண்ட் பில் எதுவும் உங்க பேர்ல இருக்காது, பெத்தவங்க நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். அதுக்கு பதிலா அங்க உங்க பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட், ஸ்டேட் ஐடி, அங்க பாக்குற டாக்டரோட ரெக்கார்டு, முக்கியமா டேக்ஸ் ரிட்டர்ன், இத காட்டலாம். டேக்ஸ்னு சொன்னதும் ஒண்ணு, கிரீன் கார்டு இருக்குற வரைக்கும் உங்க பென்ஷன், மயிலாப்பூர் பேங்க்ல போட்டிருக்குற எஃப்.டி வட்டி எல்லாத்தையும் அங்க கணக்கு காட்டணும், இந்திய அக்கவுண்டுங்க எல்லாம் சேந்து வருஷத்துல எப்பவாவது 10,000 டாலர் தாண்டினா அதுக்கு தனியா ஒரு ரிப்போர்ட் வேற இருக்கு. பையன்கிட்ட சொல்லி அங்க இருக்குற ஆடிட்டர பாக்கச் சொல்லுங்க. "நான் அங்க வசிக்கல"ன்னு நான்-ரெசிடெண்ட்டா ரிட்டர்ன் போட்டா நீங்களே கார்ட விட்டுட்டதா அர்த்தம் பண்ணிக்குவாங்க.

இன்னொரு விஷயம், இத தயவுசெஞ்சு ரெண்டு பேரும் மனசுல வச்சுக்குங்க. ஏர்போர்ட்ல தனி ரூம்ல உக்கார வச்சு, ஐ-407னு ஒரு ஃபாரத்த நீட்டினா, அது கார்ட நீங்களா விருப்பப்பட்டு திருப்பி குடுக்குற ஃபாரம். இருபது மணி நேரம் ஃப்ளைட்ல வந்த அசதில, வயசானவங்க என்னன்னு தெரியாமலே கையெழுத்து போட்டுடறாங்க, நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு. போடணும்னு எந்த கட்டாயமும் இல்ல, இமிக்ரேஷன் ஜட்ஜ் முன்னாடி சொல்லிக்கறேன்னு நீங்க மரியாதையா சொல்லலாம், அது உங்க உரிமை. தமிழ் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர் வேணும்னும் கேளுங்க.

அடுத்த தடவ ரொம்ப நாள் இங்க தங்க வேண்டி வரும்னு முன்னாடியே தெரிஞ்சா, ஐ-131 ஃபாரம் போட்டு ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்ப உள்ள வர்றதுக்கான அனுமதி, வாங்கிட்டு கிளம்புங்க, பொதுவா ரெண்டு வருஷத்துக்கு குடுப்பாங்க. அப்ளை பண்ணும்போது நீங்க அமெரிக்காவுக்குள்ளயே இருக்கணும், கைரேகையும் அங்கயே குடுத்துட்டு வந்துடுங்க. சென்னைக்கு வந்து இறங்கினப்புறம் அப்ளை பண்ண வழியே இல்ல.

கேள்வி: கல்யாணத்துக்காக டொரண்டோல இருந்து வந்தேன், இங்க இருக்கும்போதே கனடா பி.ஆர் கார்டு எக்ஸ்பையர் ஆயிடுச்சு. சென்னை ஏர்போர்ட் கவுண்டர்ல போர்டிங் பாஸ் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. என் பி.ஆர் போயிடுச்சா சார்?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: போகல தம்பி. கார்டு தேதி முடிஞ்சா பி.ஆர், அதாவது அங்க நிரந்தரமா வசிக்கற உரிமை, முடியாது, ரெண்டும் வேற வேற. ஆனா ஃப்ளைட் ஏர்றதுக்கு செல்லுபடியான கார்டு கேப்பாங்க, கவுண்டர்ல இருந்தவங்க மேல தப்பில்ல. நீங்க இப்ப பண்ண வேண்டியது பி.ஆர் டிராவல் டாக்குமெண்ட்டுக்கு, அதாவது கார்டு இல்லாம கனடா திரும்பறதுக்கான பயண ஆவணத்துக்கு, அப்ளை பண்றது, புது கார்ட இங்க வீட்டுக்கு தபால்ல எல்லாம் அனுப்ப மாட்டாங்க, அது அங்க போய்தான். அப்ளிகேஷன்ல அவங்க முக்கியமா பாக்குறது கடைசி 5 வருஷத்துல 730 நாள் கனடால இருந்தீங்களான்னு. தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, கூட்டிப் பாத்தா வந்தா போதும். பாஸ்போர்ட் முத்திரை, சம்பள ஸ்லிப், வாடகை ஒப்பந்தம் எல்லாம் வச்சு ஒரு கணக்கு எழுதிக்குங்க. மனைவி கனடா சிட்டிசனா இருந்து அவங்களோட சேந்து வெளிய இருந்த நாளும் கணக்குல வரும். நாள் குறைஞ்சா கூட, அம்மா அப்பா உடம்பு சரியில்லாம பாத்துக்க வேண்டி வந்துச்சு மாதிரி மனிதாபிமான காரணம் இருந்தா விவரமா எழுதுங்க. ஒருவேளை மறுத்துட்டா 60 நாளைக்குள்ள அப்பீல் போடணும், அந்த தேதிய விட்டுடாதீங்க.

கேள்வி: எனக்கு கிரீன் கார்டு இருக்கு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து இங்கயே குழந்தை பொறந்துச்சு. குழந்தைக்கு விசா எடுக்கணுமா?
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: வாழ்த்துக்கள்மா. தற்காலிகமா ஊருக்கு வந்த இடத்துல கிரீன் கார்டு அம்மாவுக்கு பொறந்த குழந்தைக்கு இமிக்ரேஷன் விசா வேண்டாம், ரெண்டு வயசு ஆகுறதுக்குள்ள கூட்டிட்டு போயிடணும். ஆனா குழந்தை பொறந்தப்புறம் நீங்க திரும்பி போற முதல் பயணத்துலயே அது உங்க கூட இருக்கணும். ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னு குழந்தைய பாட்டிகிட்ட விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவ போயிட்டு வந்துட்டீங்கன்னா அந்த வசதி கைய விட்டு போயிடும், அப்புறம் மனு போட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். உங்க கார்டு கணக்குக்கும் ஒரு வருஷத்துக்குள்ள கிளம்பிடுங்க.

கார்ப்பரேஷன் குடுக்குற பர்த் சர்டிஃபிகேட்ல நிறைய தடவ குழந்தை பேர் இருக்குற இடம் காலியா இருக்கும், அத முதல்ல பாருங்க. பேர் வச்ச உடனே சேத்துடுங்க, ஒரு வருஷத்துக்குள்ள சேத்தா கட்டணம் கிடையாது. அதுல உங்க பேர் ஸ்பெல்லிங்கும் இனிஷியலும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க, அப்புறம் குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட். ஏர்லைன் கவுண்டர்ல இந்த விதி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்காது, விசா எங்கன்னு கேப்பாங்க, அதனால டிக்கெட் போடும்போதே அவங்ககிட்ட மெயில்ல கேட்டு பதில் வாங்கி பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க.

கேள்வி: சிங்கப்பூர் பி.ஆருக்கும் இதே ஆறு மாசக் கணக்குதானா?
(வாசகர், பாரிமுனை)

பதில்: இல்லைங்க. அங்க ரீ-என்ட்ரி பெர்மிட்தான் எல்லாமே. அது உயிரோட இருக்கான்னு பாத்துட்டுதான் சாங்கி ஏர்போர்ட்டுக்கே கிளம்பணும், முடியப் போகுதுன்னா ஆன்லைன்ல புதுப்பிச்சுட்டு கிளம்புங்க. பெர்மிட் இல்லாம வெளிய இருந்தா பி.ஆரே போற நிலைமை வரும்.

கேள்வி: எங்களால அங்க இருக்க முடியல, கோயில், சொந்தக்காரங்க, பாக்குற டாக்டர் எல்லாம் இங்கதான். கார்ட குடுத்துட்டா பேரன் பேத்திய பாக்கவே முடியாம போயிடுமோன்னு பயமா இருக்கு.
(வாசகர், நங்கநல்லூர்)

பதில்: பாக்கலாங்க ஐயா. என்னைக் கேட்டா, மனசு இங்கயே இருக்குறவங்க ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து போய் நிக்கறதவிட கார்ட குடுத்துட்டு விசிட்டர் விசால போறது எவ்வளவோ மேல். உங்க பிள்ளைங்ககிட்டயும் இத தைரியமா சொல்லுங்க, அவங்க ஆசையா எடுத்துக் குடுத்தத திருப்பி குடுக்குறது அவங்கள அவமதிக்கிறது ஆகாது. மேல சொன்ன அதே ஐ-407 ஃபாரத்த நீங்களா பூர்த்தி பண்ணி கார்டோட தபால்ல அனுப்பலாம். கார்டு எடுத்து எட்டு வருஷம் ஆகப் போகுதுன்னா அனுப்புறதுக்கு முன்னாடி டேக்ஸ் ஆளுகிட்ட ஒரு வார்த்த கேளுங்க, நீண்ட நாள் வச்சிருந்தவங்களுக்கு தனி வரி விதி இருக்கு. கார்டு ரெண்டு பக்கமும், கையெழுத்து போட்ட ஃபாரமும், தபால் ரசீதும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்குங்க, ஜெமினி மேம்பாலம் பக்கத்துல கான்சுலேட்ல விசா இன்டர்வியூக்கு போகும்போது முறையா திருப்பி குடுத்துட்டோம்னு காட்ட அதுதான் கைகுடுக்கும்.