உரிப்பது அரை மணி நேரம், ஊசி பிடுங்குவது ஒரு நாள்

கேள்வி: 1930களில் கட்டிய வீடு, 13 படிகள். பழைய கார்பெட்டை எடுத்துவிட்டு மரத்துக்கு வார்னிஷ் அடிக்க ஆசை. ஆள் பிடிக்காமல் நாங்களே செய்யலாமா? (வாசகி, ஹரோ, லண்டன்)

பதில்: தாராளமாக. ஆனால் கத்தியை எடுக்குமுன் படிக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குள் புகுந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் படி அப்படியே இருந்தால் பெரும்பாலும் பைன் மரம். நடுவில் யாராவது மாற்றியிருந்தால் மரத்தூளையும் சீவலையும் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது சிப்போர்டு பலகையாக இருக்கலாம். அதில் வார்னிஷ் எடுபடாது. பெயின்ட்தான், இல்லாவிட்டால் மறுபடியும் கார்பெட்.

மேலிருந்து கீழே வாருங்கள். அப்போதுதான் கால் எப்போதும் இன்னும் உரிக்காத படியில் இருக்கும், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஊசியில் மிதிக்க மாட்டீர்கள். மேல் படியில் ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுங்கள். மூன்று நான்கு படிக்கு ஒருமுறை, கார்பெட்டைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கமாக ஸ்டான்லி கத்தியால் வெட்டிச் சுருட்டுங்கள். ஒரே துண்டாக இழுத்தால் அதன் பாரம் உங்களையும் சேர்த்துக் கீழே இழுக்கும். கார்பெட்டுக்கு அடியில் விரித்திருக்கும் மெத்தை (அண்டர்லே) பழைய ரப்பர் என்றால் மாவாக உதிரும். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு படியிலும் இரண்டு கிரிப்பர் பட்டைகள் (கார்பெட்டைக் கவ்விப் பிடிக்கும் ஊசிகள் உள்ள மெல்லிய மரப்பட்டைகள்) இருக்கும்: கால் வைக்கும் பலகையின் உள்மூலையில் ஒன்று, நிமிர்ந்த பலகையின் அடியில் ஒன்று. 13 படிக்கு ஏறக்குறைய 26. தட்டைக் கடப்பாரையை ஆணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செருகி, அதற்குக் கீழே ஒரு மெல்லிய பலகைத் துண்டை வைத்து நெம்புங்கள். துண்டு வைக்காவிட்டால் பைனில் பள்ளம் விழும், வார்னிஷ் அடித்தபின் அதுதான் கண்ணில் குத்தும். பட்டை பிளந்து ஆணி மட்டும் நின்றால், குறட்டால் கவ்வி நேராக இழுக்காமல் பக்கவாட்டில் உருட்டி எடுங்கள்.

ஸ்டேப்பிள் பின்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒரு காலைக் கிளப்பி, குறட்டால் பிடுங்குங்கள். ஒடிந்து நிற்கும் பின்னின் காலை, ஆணியை மரத்துக்குள் இறக்கும் சிறு உளியால் (நெயில் பஞ்ச்) அடித்து இறக்கிவிடுங்கள். முடிந்ததும் ஒரு பழைய நைலான் காலுறையைப் பலகைமேல் தடவினால், தப்பிய ஊசி எதுவாக இருந்தாலும் நூலை இழுத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அக்காலத்தில் கார்பெட் நடுவில் மட்டும் ஓடும். இரு ஓரமும் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தப் பெயின்ட்டில் காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) இருக்கலாம். முதலில் சோதனைப் பெட்டி வாங்கிப் பாருங்கள். இருந்தால் உலர்ந்த நிலையில் மணல்தாள் போடவே கூடாது. பெயின்ட் நீக்கியால் இளக்கிச் சுரண்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: கார்பெட் எடுத்தபின் படி முன்னைவிட அதிகமாகக் கிறீச்சிடுகிறதே? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: முன்பும் கிறீச்சிட்டது, கார்பெட் அதை மூடியிருந்தது. கால் வைக்கும் பலகையும் நிமிர்ந்த பலகையும் உரசுவதுதான் காரணம். அடியிலிருந்து போக முடிந்தால், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் மர ஆப்புகளில் தளர்ந்தவற்றைக் கழற்றிப் பசை தடவி மறுபடி அடியுங்கள். உள்மூலையில் சிறு மரக்கட்டையைப் பசை, திருகாணியால் இறுக்குங்கள். வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

கேள்வி: புதுக் கார்பெட் போடப்போகிறோம். கிரிப்பரையும் கழற்ற வேண்டுமா? (வாசகி, இல்ஃபோர்ட்)

பதில்: ஆடாமல், துருப்பிடிக்காமல், ஊசி கூர்மையாக இருந்தால் அப்படியே விடுங்கள். அண்டர்லேயை மட்டும் மாற்றுங்கள்.