ஏஐ நியூஸ் எழுதுமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மும்பையில் பல வருடமாகச் செய்தி டெஸ்க்கில் குப்பை கொட்டுகிறேன். இங்குள்ள நம் ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்; கேட்டவர் இருக்கும் மும்பைப் பகுதியின் பெயர்தான் கேள்விக்கு முன்னால்.

செம்பூர்: சார், பையன் இதழியல் படிக்கிறேன் என்கிறான். ஏஐ வந்தபிறகு வேலை இருக்குமா?

ஒரு பகுதி எப்போதோ போய்விட்டது. அமெரிக்காவின் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் 2014லேயே கம்பெனிகளின் காலாண்டுக் கணக்குச் செய்திகளை மென்பொருளிடம் விட்டது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அது தூக்கம் வரவைக்கும் வேலை. படிக்கட்டும், ஆனால் ஏசி ரூமிலேயே உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தால் கஷ்டம்.

மாதுங்கா: எண் விஷயத்திலாவது மெஷின் தப்பு செய்யாதுதானே?

செய்தது சார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் குவேக்பாட் என்று ஒரு மென்பொருள், நிலநடுக்கத் தகவல் வந்ததும் தானே செய்தி எழுதும். 2017 ஜூனில் சாண்டா பார்பரா பக்கம் 6.8 அளவு நடுக்கம் என்று அனுப்பிவிட்டது. நடந்தது 1925ல்! அரசு ஆய்வு மையத்தில் பழைய பதிவைத் திருத்தியபோது வருடம் 2025 என்று விழுந்திருக்கிறது, இது அப்படியே நம்பிவிட்டது. அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு "ஆடுச்சா?" என்று கேட்டிருந்தால் தீர்ந்தது.

தாராவி: எங்க சந்துல தண்ணி கலங்கலா வருது. ஏஐகிட்ட சொன்னா நியூஸ் ஆகுமா அண்ணே?

மனு நன்றாக எழுதித் தரும் தம்பி. நியூஸ் வேறு. 90 அடி ரோடு பக்கம் இதே மாதிரி ஒரு விஷயத்துக்குப் போனேன், ஒரு அக்கா அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. "எந்த ஊரு?" என்றார். வள்ளியூர் என்றதும் "நாங்க நாங்குநேரி" என்று உள்ளே போய்ச் செம்பில் பிடித்துவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினார், அடியில் பழுப்பாக வண்டல். அப்புறம்தான் எல்லாம் வந்தது. "பேரு போட்டுராத, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிருவான்." போடவில்லை. அந்த வாக்கை அவர் ஒரு ஆளிடம்தான் வாங்க முடியும்.

முலுண்ட்: ஏஐ செய்தி வாசிப்பாளர்கள்?

இந்திச் சேனல் ஆஜ் தக் 2023ல் சனா என்ற ஏஐ வாசிப்பாளரைக் கொண்டுவந்தது, ஒடிசா டிவி லிசாவை. வாசிக்கட்டுமே. தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று சண்டை போட போன் செய்தால் லிசா எடுக்கமாட்டாள், அவ்வளவுதான்.

சயான்: நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?

தினமும். போன மாதம் சக நிருபர் ஒருவர் இந்தியில் "கல் பானி பந்த்" என்று அனுப்பினார், தண்ணீர் நிறுத்தம் பற்றி. இந்தியில் கல் என்றால் நேற்றும்தான், நாளையும்தான். தமிழாக்கக் கொடுத்தேன், ஏஐ "நேற்று தண்ணீர் நிறுத்தம்" என்று போட்டது. சந்தேகப்பட்டு அவருக்கு போன் செய்தால், "நாளைக்குத்தான், வீட்டில் ரெண்டு பக்கெட் பிடித்து வைக்கச் சொல்லு" என்கிறார்.