துளைக்குள் கடினப் பூச்சு: சில கேள்விகள், பதில்கள்

20 மி.மீ. துளைக்குள் டங்ஸ்டன் கார்பைடை (மிகக் கடினமான பூச்சுப் பொருள்) எச்.வி.ஓ.எஃப். முறையில், அதாவது எரிபொருளை ஆக்சிஜனோடு எரித்து அந்த அதிவேகச் சுடரில் தூளை வீசும் முறையில், தெளிக்க முடியுமா?

முடியாது. வழக்கமான தெளிப்புத் துப்பாக்கிக்கு 20 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். வாய்ப்பக்கம் நின்று சாய்த்து அடித்தால், கோணம் 45 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கப் பூச்சு ஓட்டை ஓட்டையாகத்தான் படியும். இந்த அளவுக்கு ஹார்டு குரோம் (மின்சாரத்தால் படிய வைக்கும் கடினக் குரோமியம்), இல்லையென்றால் எலக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரம் இல்லாமல் ரசாயனக் கரைசலில் படியும் நிக்கல்).

ஹார்டு குரோம் போட்டால் இரண்டு வாயிலும் தடித்து, நடுவில் மெலிந்துவிடுகிறது. ஏன்?

குரோம் குளியலுக்கு (பூசும் கரைசலுக்கு) மறைவிடங்களுக்குப் பரவும் தன்மை மிகவும் குறைவு, மின்சாரம் எளிதாகப் போகிற இடத்தில்தான் உலோகம் படியும். அதனால் ஆனோடு (துளைக்குள் நிற்கும் நேர்மின்முனை) துளையின் முழு நீளத்துக்கும், அச்சு மையத்திலேயே நிற்க வேண்டும், இரண்டு முனையிலும் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு வளையம் வேண்டும். போர் கேஜை (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) எடுத்து 50 மி.மீ.க்கு ஒரு முறை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் விட்டத்தை அளந்து, பூசுவதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வாயிலும் விட்டம் அதிகம் சுருங்கியிருந்தால் வளையம் போதவில்லை. பூச்சின் தடிப்பு ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் ஆனோடு வளைந்திருக்கிறது, ஆனால் அதை விட்டம் காட்டாது, பூச்சுத் தடிப்பு மானியால் பார்க்க வேண்டும். குறுகிய துளையில் ஹைட்ரஜன் குமிழிகளும் தேங்கும், கரைசலைப் பம்ப் வைத்து ஓட விடுங்கள். ஹோனிங்குக்குக் (உள்சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) கொஞ்சம் கூடுதல் தடிப்பு விட மறக்காதீர்கள்.

எலக்ட்ரோலெஸ் நிக்கல் மென்மையாக இருக்கிறதே?

போட்டவுடன் கடினம் 500 விக்கர்ஸ் (கடினத்தின் அளவீடு) அளவில்தான் இருக்கும், 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் 900ஐ நெருங்கும். ஆனால் அடிப்பாகம் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பதப்படுத்திய எஃகு என்றால், அந்தச் சூட்டில் எஃகின் கடினம் போய்விடும், அப்புறம் மேலே எவ்வளவு கடினமான தோல் இருந்து என்ன பயன்! வெப்பம் ஏற்றினால் அரிப்புத் தாங்கும் சக்தியும் குறையும்.

மணல் கலந்த நீர் போகிற குழாயில் நேர்ப்பகுதி நன்றாக இருக்கிறது, வளைவில் பூச்சு பெயர்கிறது. இன்னும் கடினமாகப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மணல் சுவரை உரசிப் போகும்போது கடினம் காப்பாற்றும், நேராக வந்து மோதும்போது கடினமான, நொறுங்கும் பூச்சுதான் முதலில் விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாக உதிரும். வளைவுக்கு மோதலை உள்வாங்குகிற ரப்பர் உறையைப் பாருங்கள், அல்லது வளைவை இன்னும் அகலமாக்கி, மோதும் கோணத்தைக் குறையுங்கள்.

அதிவலு எஃகுத் துண்டுக்குக் குரோம் போட்ட பிறகு சூடேற்றச் சொல்கிறார்கள், தேவையா?

கட்டாயம் தேவை. பூசிய 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் அடுப்பில் வையுங்கள், உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேற வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால், துண்டு பார்க்க நன்றாக இருந்து, சுமை ஏறிய ஒரு நாளில் சட்டென உடையும்.