மாடி டேங்க் தண்ணீருக்கு எந்த ஷவர் வாங்கலாம், நாமே மாட்டலாமா?

நாகப்பட்டினம் பக்கம் வீடு, போர் தண்ணீர், பழைய ஷவரில் பாதித் துளை அடைத்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நீங்களே மாட்டலாம்.

முதலில் டேங்க் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் வரும். ஷவருக்கு 3 மீட்டர் மேலே டேங்க் என்றால் 0.3 பார்தான். அகலமான ரெயின் ஷவர் பார்க்க அழகு, ஆனால் இந்த அழுத்தத்தில் ஒழுகத்தான் செய்யும். பிரஷர் பம்ப் இல்லையென்றால் 3, 4 அங்குல அகல ஷவரே போதும். கடலோரத்து உப்புத் தண்ணீருக்கு, துளைகளில் ரப்பர் முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளையாகப் படிவதைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

மாட்டும்போது ஒரு கையால் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள். சுவருக்குள் இருக்கும் மரை அசைந்தால் பெரிய வேலையாகிவிடும். அப்புறம் வால்வைத் திறந்து மணலும் துருவும் போகும்வரை தண்ணீர் விடுங்கள். மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாக நாலைந்து சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஷவரைத் திருகும்போதே சுருண்டு வந்துவிடும். கையால் முறுக்கினாலே போதும். கசிந்தால் மட்டும் துணி சுற்றி ஸ்பேனரால் கால் திருகு.