ஆசையாம்!

கேள்வி: எங்களுக்கு மூன்று மாத ஆண் குழந்தை. அடுத்த மாதம் ஞானஸ்நானம். நல்ல தமிழ்ப் பெயராக வைக்க நினைக்கிறேன். அத்தையோ, காலமான மாமனாரின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். அவர் பெயர் ராபர்ட். 41 வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லையாம். பேரனையாவது அப்படிக் கூப்பிட ஆசையாம். தேடிப் பார்த்தேன், அது ஜெர்மானியப் பெயர். அர்த்தம் புரியாத அந்நியப் பெயரைத் தமிழ்க் குழந்தைக்கு வைப்பது சரியா? கணவர் ‘உங்க ரெண்டு பேர் இஷ்டம்’ என்று ஒதுங்கிவிட்டார்.
- வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மானிய மொழியில் ‘ஹ்ரோத்’ என்றால் புகழ், ‘பெர்ஹ்த்’ என்றால் ஒளி. புகழால் ஒளிர்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையே ‘புகழொளி’ என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் உடனே சரி என்றிருப்பீர்கள். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் இந்தப் பெயரை அங்கே பரப்பினார்கள்; அவர்களுடைய தலைவன் வில்லியமின் தகப்பன் பெயரே ராபர்ட்தான். அந்த ஊரில் அது ராப், பாப், பாபி, ராபின் என்று செல்லப் பெயர்களாகக் குறுகியது. இத்தாலியில் ரொபெர்த்தோ.

அந்நியமா? அதுவும் உங்கள் மாவட்டத்திலிருந்தா இந்தக் கேள்வி? 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழ் படித்து, தத்துவ போதகர் என்று பெயரெடுத்த இத்தாலியப் பாதிரியார் நொபிலி ஒரு ராபர்ட். தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதி நிறுவிய கால்டுவெல் ஒரு ராபர்ட். 1841-ல் உங்கள் மாவட்டத்து இடையன்குடிக்கு வந்தவர், 1891-ல் இறந்த பிறகு அங்கேயே, தான் கட்டிய கோயிலில் அடக்கமானார். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று இன்று நீங்கள் பெருமையோடு கேட்பதில் அந்த ராபர்ட்டுக்கும் பங்கு உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘சொன்னதில்லையாம்’, ‘ஆசையாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஆம்’ எதற்கு அம்மா? பக்கத்து வீட்டு வம்பைச் சொல்கிற மாதிரி அத்தையின் ஆசையைச் சொல்கிறீர்கள்.

என் அம்மாவும் அந்தக் காலத்து மனுஷிதான். ரேஷன் கடையில் ‘வீட்டுக்காரர் பேரு?’ என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவார், நான் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகும் அப்படித்தான். பேரனுக்கு அப்பா பெயரை வைத்தோம். அவனைக்கூட ‘ராசா’ என்றுதான் கூப்பிட்டார், கடைசி வரை. அந்தத் தலைமுறைப் பெண் ஒருத்தி, அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்ல வேண்டும் என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கூசியிருக்கும்! நீங்கள் போய் அகராதி பார்த்திருக்கிறீர்கள்.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பிள்ளையைப் பெற்றவள் நீங்கள், உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையின் பெயர் பெற்றவர்களின் ரசனைக்கு மட்டும் உரியது என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. அது வீட்டுக்குச் சொந்தம், போனவர்களையும் சேர்த்து. தமிழ்ப் பெயர் வேண்டுமா, கூடவே சேருங்கள். ராபர்ட் செல்லையா, ராபர்ட் துரைராஜ் என்று உங்கள் பக்கத்தில் கேட்காத பெயர்களா? ராபர்ட் இளங்கோ என்று வையுங்கள், யார் தடுத்தது? ஆனால் சர்டிபிகேட்டில் ராபர்ட், வீட்டில் இளங்கோ என்று ஏமாற்றாதீர்கள். அத்தை கேட்டது கூப்பிடுவதற்கு.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. இறந்தது உங்கள் அப்பா. ‘உங்க ரெண்டு பேர் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக இது மத்தியானக் குழம்பா? அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஞானஸ்நானம் வரை காத்திருக்க வேண்டாம், மகளே. இன்று சாயங்காலம் விளக்கு போட்டதும் குழந்தையை அத்தை மடியில் கொடுத்து, ‘கூப்பிடுங்க அத்தை’ என்று சொல்லுங்கள். முதல் தடவை சத்தம் வராது, பொறுத்திருங்கள். வரும்போது ‘ராபட்டு’ என்றுதான் வரும். திருத்தாதீர்கள்.