டீன் நாற்காலிக்குப் போகலாமா?

அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (கலை, அறிவியல் பாடங்களைப் பரந்த அளவில் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி) ஒன்றில் 22 ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். நடுவில் மூன்று ஆண்டுகள், கல்விப் பணிகளைக் கவனிக்கும் நிர்வாகியான டீனுக்குத் துணையாக, துணை டீனாகவும் இருந்தேன். இம்முறை மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 1,500 பேர் மட்டுமே படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எண்டோமென்ட் நிதி (நன்கொடைகளை முதலீடு செய்து வைத்திருக்கும் மூலதனம்) பல கோடி டாலர் இருக்கிறதாம். மூடிவிடுவார்களோ என்ற பயம் இனி வேண்டாம்தானே?

பதில்: அந்தத் தொகையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எப்போதோ ஒருவர் லத்தீன் பேராசிரியர் பதவிக்கென்று கொடுத்த பணத்தை, விடுதிக் கூரை ஒழுகுகிறது என்று எடுத்துச் செலவழிக்க முடியாது. நிபந்தனை இல்லாத பகுதியிலும் ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் எடுப்பதுதான் வழக்கம். வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் பெண்கள் கல்லூரி 2015 மார்ச் 3 அன்று மூடப்போவதாக அறிவித்தபோது அதனிடம் 8 கோடி டாலருக்கு மேல் எண்டோமென்ட் இருந்தது. ஆசிரியர்களுக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. முன்னாள் மாணவிகள் நீதிமன்றம் போனார்கள், பணம் திரட்டினார்கள், கல்லூரி பிழைத்தது. தலைவரும் அறங்காவலர்களில் பெரும்பாலோரும் விலகினார்கள்.

ஐந்து ஆண்டுகளாக முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், அறிவித்த கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள் என்று கேளுங்கள். தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரித் தள்ளுபடி பாதியைத் தாண்டிவிட்டது. சேர்க்கை குறைந்துகொண்டே போய், தள்ளுபடி ஏறிக்கொண்டே வந்தால் யோசியுங்கள்.

கேள்வி: உதவிப் பேராசிரியராக மூன்றாம் ஆண்டு. பாடத்திட்டத்தை மாற்றும் தீர்மானம் ஒன்றை நிர்வாகம் ஆசிரியர் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறது. எனக்கு உடன்பாடு இல்லை. "டென்யூர் (நிரந்தரப் பணி உரிமை) கையில் வரும்வரை வாயைத் திறக்காதே" என்கிறார் துறையின் மூத்தவர்.

பதில்: அவர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆறாம் ஆண்டில் டென்யூருக்கான உங்கள் கோப்பு துறை, ஆசிரியர் குழு, டீன், தலைவர், அறங்காவலர் குழு என்று பல கைகளுக்குப் போகும். பயம் நியாயமானது. ஆனாலும் பேசுங்கள்.

நான் நான்காம் ஆண்டில் இருந்தபோது கரிம வேதியியல் ஆய்வக நேரத்தை நான்கு மணியிலிருந்து மூன்றாகக் குறைக்கும் தீர்மானம் வந்தது. ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிரித்தெடுத்தால் மறுபடிகமாக்கலுக்கு (பொருளைக் கரைத்து மீண்டும் படிகமாக்கித் தூய்மையாக்குவதற்கு) நேரமே இருக்காது. இது எனக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் 11 ஆண்டுகள் பாதிச் சோதனையோடு வீடு போனார்கள். பின்னாளில் அப்போதைய டீன் என்னிடம், "வேதியியலிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, சரி என்றுதான் நினைத்தோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பாடத்திட்டம் முதன்மையாக ஆசிரியர்களின் பொறுப்பு என்று, அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கத்தோடு கல்லூரி அறங்காவலர்களின் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய 1966 அறிக்கை சொல்கிறது. அது சட்டம் அல்ல, ஆனால் பல கல்லூரிகளின் ஆசிரியர் கையேடுகள் அதன் வழியில் எழுதப்பட்டவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில், இப்படி முடிவெடுக்கும் முழுநேர ஆசிரியர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், ஆகவே தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. அதன்பின் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் பலருக்குத் தொழிற்சங்கம் என்ற வழி குறுகிவிட்டது. எஞ்சியிருப்பது அந்தக் கூட்டம்தான். ஆட்களைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் வகுப்பில் என்ன நின்றுபோகும் என்பதை மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: துணை டீன் பதவிக்கு அழைத்திருக்கிறார்கள். "அந்தப் பக்கம் போய்விடாதே" என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். நீங்கள் போனீர்களே, வருந்துகிறீர்களா?

பதில்: போனதற்கு வருந்தவில்லை. முதல் ஆண்டில் செய்த ஒன்றுக்கு இன்றும் வருந்துகிறேன்.

எங்கள் ஜெர்மன் துறையில் நான்கு மாணவர்கள்தான் அதை முதன்மைப் பாடமாக எடுத்திருந்தார்கள். அக்டோபரில் அதை மூடுவது என்று மேலே முடிவாகிவிட்டது. வெளியே சொல்லக் கூடாது என்றார்கள், ஒப்புக்கொண்டேன். பிப்ரவரியில் துறைக்கு மின்னஞ்சல் போனது. மார்ச்சில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' வைத்தோம், நான்தான் நடத்தினேன். அந்தத் துறையில் 30 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "உனக்கு எப்போது தெரியும்?" அக்டோபரில் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் யாரும் பேசவில்லை.

கணக்கு தவறில்லை. பற்றாக்குறை உண்மை. ஆனால் அந்த நான்கு பேரைத் தவிர, வரலாறும் இசையும் படித்த எத்தனையோ பேர் ஜெர்மன் வகுப்புகளில் இருந்தார்கள். எங்கள் அட்டவணையில் அவர்களுக்குக் கட்டமே இல்லை. அக்டோபரில் அவரைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். முடிவெடுத்த பிறகு கேட்பதைக் கலந்தாலோசனை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

அடுத்த ஆண்டு, வரவுசெலவு வரைவை ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த நிதிக் குழுவுக்குச் செப்டம்பரிலேயே காட்ட வேண்டும் என்று போராடி வாங்கினேன். எல்லோருக்கும் விளக்கக் கூட்டமும் வைத்தேன். 110 ஆசிரியர்களில் ஒன்பது பேர் வந்தார்கள். அது எனக்குப் பெரிய வலி. கதவைத் திறக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் நாம். திறந்தபின் உள்ளே வந்து எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாமா?

ஆகவே போங்கள். துறைக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பாவது எடுங்கள், முடிந்தால் முதலாண்டு வகுப்பு. ஒப்புக்கொள்வதற்கு முன் தலைவரை நேரில் பார்த்து, "கடைசியாக ஒரு துறையை மூடியபோது அந்த ஆசிரியர்களுக்கு எந்த மாதம் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள்.