காணி உறுதி எழுதியாச்சு, வரிப் படிவம்?

ஆரையம்பதிக் காணியைப் போன வாரம் விற்றேன். "எல்லாம் முடிந்தது" என்கிறார் நொத்தாரிசு. எனக்கு இனி வேலை இல்லைத்தானே?

இருக்கிறது. அவருடைய பொறுப்பு உறுதியும் (காணிப் பத்திரம்) பதிவும். மூலதன ஆதாய வரி உங்கள் பொறுப்பு. உறுதி முடித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் படிவம் கொடுத்து வரியையும் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாளுக்கு இலாபத்தில் 15 வீதம்; முன்பு 10. விற்ற விலை முழுவதற்கும் இல்லை, இலாபத்துக்கு மட்டும்.

இங்கேதான் பலர் வீணாகக் கூடுதல் வரி கட்டுகிறார்கள். 1985இல் எண்ணாயிரத்துக்கு வாங்கிய காணி என்று பழைய விலையைப் போடாதீர்கள். 2017 செப்டம்பர் 30இல் காணி உங்களிடம் இருந்திருந்தால், அன்றைய சந்தைப் பெறுமதிதான் கணக்கு. தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையை எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு கட்டிய மதில், கிணறு, தரகர் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தால் அவற்றையும் கழிக்கலாம்.

கல்முனையில் குடியிருந்த வீட்டை விற்றாலும் இந்த வரி உண்டா?

விற்குமுன் தொடர்ந்து மூன்று வருடம் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் குடியிருந்தால் விலக்கு உண்டு. மின்சாரப் பட்டியல்களை எறிந்துவிடாதீர்கள்; குடியிருந்ததைக் காட்ட உதவும்.

25 இலட்சத்துக்கு வாங்கும் காணியை உறுதியில் 10 இலட்சம் என்று எழுதலாம் என்கிறார்கள். எழுதட்டுமா?

வேண்டாம். மாகாண முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 25 இலட்சத்துக்கு 3,000மும் 96,000மும், மொத்தம் 99,000 ரூபாய். குறைத்து எழுதினாலும் தீர்வை காணியின் பெறுமதிக்குத்தான். மிச்சத்தைக் கட்டச் சொல்லிப் பிறகு கடிதம் வரும். அதைவிடப் பெரிய நட்டம் பின்னால் இருக்கிறது. நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்விலை 10 இலட்சமாகவே நிற்கும். அந்த 15 இலட்சமும் உங்கள் இலாபமாகக் கணக்காகி, இன்றைய வீதப்படியே 2,25,000 ரூபாய் வரி வரும். இன்று கொஞ்சம் மிச்சம் பிடித்து நாளை அதைவிடக் கூடக் கட்டாதீர்கள்.

மகளுக்குச் சீதன உறுதி எழுதினோம். சோலைவரித் துண்டு (சபைக்குக் கட்டும் ஆதன வரி) இன்னும் என் பெயரில்தான் வருகிறது.

உறுதி எழுதியதால் மட்டும் பெயர் மாறாது. பதிவான உறுதியின் பிரதியோடு மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ மகளைப் போய் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சுனாமியில் உறுதி போய்விட்டது. எதைக் காட்டுவது?

பதிவான உறுதி என்றால் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். அத்தாட்சிப் பிரதி கேளுங்கள். என்னிடம் ஒருவர் உப்புநீர் ஊறிய ஒரு தாளைக் கொண்டு வந்தார். எல்லை விபரம் முழுக்க அழிந்திருந்தது. உறுதி இலக்கமும் பதிவுத் தொகுதி இலக்கமும் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. தேடி எடுக்க அது போதுமாக இருந்தது.